இறப்புப் பதிவு இணையட்டும். இருப்பவரின் உதவித்தொகை நிற்கக் கூடாது

பிறப்பு, இறப்புப் பதிவுகளை இணையவழிக்குக் கொண்டுவருவதை எங்கள் அமைப்பு ஆதரிக்கிறது. ஒரு நகலுக்காக நாள் கூலியை இழந்து நகராட்சிப் படியேறியவர்கள் இப்போது சான்றிதழைக் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ள முடிகிறது. இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கவலை, அந்தப் பதிவு பிற துறைகளுக்குப் போவதில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பதிவுகள் தேசியத் தரவுத்தளத்தில் சேரும். வாக்காளர் பட்டியல், ஆதார், குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், சொத்துப் பதிவு, மக்கள்தொகைப் பதிவேடு ஆகியவற்றைக் கையாளும் துறைகளுக்கு அவற்றைத் தரலாம். கிராமத்தில் விஏஓ போடும் ஒரு பதிவுக்கு இவ்வளவு கனம் இதற்குமுன் இருந்ததில்லை.

2022-இல் ஹரியானாவில், குடும்ப அடையாளத் தரவுத்தளத்தில் இறந்தவராகக் காட்டப்பட்டு ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட, நூறு வயதைக் கடந்த ஒருவர் மாப்பிள்ளை போல் மாலை போட்டு, மேளதாளத்தோடு ஊர்வலம் போனார். தான் உயிரோடு இருப்பதை அரசுக்குச் சொல்ல அவருக்கு அதுதான் வழியாக இருந்தது. நாடே சிரித்தது. சிரிக்கிற விஷயமா அது?

பிழை எந்தப் பதிவேட்டிலும் நேரும். பழைய ஏட்டில் அதற்கு வழி உண்டு: சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, பதிவாளர் மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திடுவார். அந்த ஓரக்குறிப்பு, ஏற்கெனவே நகல் பெற்றுவிட்ட துறைகளுக்கும் அன்றே போய்ச் சேர வேண்டும். பதிவாளர் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதை முடிக்க 90 நாள் அவகாசம் இருக்கிறது. உதவித்தொகையில் அரிசி வாங்குகிறவர் மூன்று மாதம் காத்திருக்க முடியாது.

ஆகவே, தரவுத்தளத்தில் ‘இறந்தவர்’ என்று வந்ததை மட்டும் வைத்து எந்த உதவியையும் பெயரையும் நீக்கக் கூடாது. வீட்டுக்கு எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். அலுவலர் நேரில் சரிபார்க்க வேண்டும். ஆட்சேபம் வந்தால் முடிவாகும்வரை பணம் தொடர வேண்டும். வயதைச் சரிபார்க்க மட்டுமே கேட்கும் துறைக்கு ‘ஆம், இல்லை’ என்ற பதில் போதும், முழுப் பதிவு எதற்கு? எந்தத் துறை எப்போது தன் விவரத்தைப் பார்த்தது என்பதைக் குடிமகனும் பார்க்க முடிய வேண்டும். பெற்றோரின் ஆதார் எண்ணை ‘இருந்தால்’ தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது இல்லையென்று எந்தக் கவுண்டரிலும் பிறப்புப் பதிவை மறுக்கக் கூடாது.

இவற்றை விதிகளிலேயே எழுதும்படி மத்திய, மாநில அரசுகளை வலியுறுத்துகிறோம். அதுவரை உதவித்தொகைப் பட்டியல்களை இறப்புப் பதிவுடன் தானியங்கியாக இணைப்பதை எதிர்ப்போம்.