நூலகத் தட்டில் தமிழுக்கு இடம் எங்கே?

கோடை விடுமுறை நெருங்குந்தோறும் ஆங்கில வழிப் பள்ளிகளினின்று பிள்ளைகளின் பையில் ஒரு தாள் வீட்டிற்கு வந்து சேர்கின்றது. விடுமுறையிற் படிக்கத் தக்கன எனப் பள்ளி நூலகத்தார் பரிந்துரைக்கும் நூற்பட்டியல் அது. காஞ்சி வட்டாரத்துக் கத்தோலிக்கப் பள்ளியொன்றினின்று நம் பார்வைக்கு வந்த அத்தகு தாளில் இருபது நூற்பெயர்கள் இருந்தன. இருபதும் ஆங்கிலம். படகேறித் தீவுக்குச் சென்று துப்பறியும் இங்கிலாந்துச் சிறுவர் கதைகளும், உறைவிடப் பள்ளியில் நள்ளிரவு விருந்துண்ணும் சிறுமியர் கதைகளுமே அவற்றுட் பெரும்பாலன. அத்தாளைப் பெற்ற பிள்ளைகளுட் பலர் தறிக்குழிக்கு அருகிலேயே தவழ்ந்து வளர்ந்தவர். பாவு, ஊடை, நாடா என்று பெற்றோர் பேசும் சொற்களைக் கேட்டே பேசக் கற்றவர்.

அப்பள்ளியின் பெயரை ஈண்டுக் குறிக்க வேண்டுவதில்லை. கத்தோலிக்கர் நடத்தாத ஆங்கில வழிப் பள்ளிகள் பலவற்றிலும் இதுவே நிலை. பின்னர்க் கத்தோலிக்கப் பள்ளியை மட்டும் எடுத்துப் பேசுவது ஏன் எனின், தமிழ் நூலுக்கும் அச்சுக்கும் உள்ள உறவில் வேறெவர்க்கும் இல்லாத முதலுரிமை அத்திருச்சவையினர்க்கு உண்டு என்னும் கரணியத்தாலேயே. கொடுத்தவரிடமே கேட்கின்றோம்.

1554 ஆம் ஆண்டு இலிசுபன் நகரில் உரோம எழுத்துகளால் தமிழ் அச்சேறிற்று. அந்நூலின் பெயர் 'கார்த்தில்யா'. எழுத்தறிவிக்கும் சிறுநூல் என்பதே அப்போர்த்துகீசியச் சொல்லின் பொருள். தமிழ் எழுத்துகளாலேயே ஆன 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள், ஆக்கியவர் இயேசு சவையைச் சார்ந்த அண்டிரிக்கு அடிகளார். ஆக, தமிழுக்கு வாய்த்த முதல் அச்சு நூல்களே தொடக்க நிலையினர்க்குக் கற்பிக்க எழுந்தவைதாம். இந்திய மொழிகளுள் தமிழுக்கே அப்பேறு முதலில் வாய்த்தது.

அடுத்து வீரமாமுனிவர். 1680 இல் இத்தாலியிற் பிறந்து, தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் தந்தவர் என்று பிள்ளைகள் தேர்வுக்கு உருப்போடுகின்றனர். அவரே சிரிக்கச் சிரிக்க ஒரு கதைநூல் எழுதினார் என்பதை எத்தனை பிள்ளைகள் படித்தறிந்தனர்? ஆறு உறங்குகின்றதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்ப்பவரும், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலைக்கு வாங்குபவரும் ஆகிய ஐந்து மடச்சீடரைக் கொண்ட 'பரமார்த்த குருவின் கதை'யைத்தான் சொல்கின்றோம். அதன் பெயரிலும் நடையிலும் வடசொல் விரவியுள்ளமை உண்மையே. அக்காலப் பேச்சு வழக்கை அயல்நாட்டார்க்குப் பயிற்ற எழுதியது அது. 1822 இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சாகி ஆங்கிலேயரே படித்து நகைத்த அந்நூல், முனிவர் வழிவந்தோர் நடத்தும் பள்ளியின் பட்டியலில் இல்லை!

நம் காலத்திற்கு அணித்தாகவும் சான்று உண்டு. ஈழத்து ஊர்காவற்றுறையில் 1913 இற் பிறந்த தனிநாயக அடிகள், உரோமையிற் படித்துத் துறவியாகித் திரும்பியபின், நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியிற் பணியாற்றும்போதுதான் தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றார். கற்பிக்கப் போன இடத்தில் மாணாக்கராய் அமர்ந்த அவர்தாம் 1952 இல் 'தமிழ்ப் பண்பாடு' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1966 இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு முன்நின்று உழைத்தார். ஒரு கத்தோலிக்கப் பள்ளி ஒருவரைத் தமிழுக்கு ஆளாக்கிய கதை இது. இன்றுள்ள பள்ளிகள் எவரை எம்மொழிக்கு ஆளாக்குகின்றன?

இன்னுமொன்று. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுப்பேரவை, இலத்தீனில் மட்டுமே நடந்துவந்த திருப்பலியைத் தாய்மொழியில் நடத்த வழி திறந்தது. கோயிற் பீடத்தில் தமிழ் ஏறிற்று. அதே வளாகத்துப் பள்ளி நூலகத்திலோ, தமிழ் கீழ்த்தட்டிற்கு இறங்கிக் கதவடைத்த பேழைக்குள் போயிற்று. இறைவனிடம் பேசத் தகுந்த மொழி, எட்டு அகவைப் பிள்ளை கதை படிக்கத் தகாததாயிற்றோ?

"பிள்ளைகள் தமிழ் நூலை எடுப்பதில்லை" என்பது நூலகத்தார் கூறும் விடை. பட்டியலிற் சேராத நூலை, பேழைக்குள் இருக்கும் நூலை, எந்தப் பிள்ளை எடுக்கும்? "தமிழிற் சிறுவர்க்கு நூல் ஏது?" என்பது அடுத்த வினா. சொல்கின்றோம்.

பாவேந்தரின் 'இளைஞர் இலக்கியம்' இருக்கின்றது. பாவலரேறு பெருஞ்சித்திரனாரின் 'பள்ளிப் பறவைகள்' இருக்கின்றது. ம.இலெ. தங்கப்பாவின் 'சோளக்கொல்லைப் பொம்மை' 2011 இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருது பெற்றது. தூய தமிழ் குழந்தைக்குக் கடினம் என்பார் வாயை அடைக்க அஃதொன்றே போதும். அழ. வள்ளியப்பாவின் சொற்கள் எல்லாம் நமக்கு உடன்பாடானவை அல்ல. எனினும் நாவில் ஒட்டிக்கொள்ளும் அவர்தம் ஓசையைத் தனித்தமிழ்ப் பாவலரும் கற்றுக்கொள்ளல் வேண்டும். ஐயங்களைத் தேடிப் படிக்கும் பிள்ளைக்குப் பெ. தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் உண்டு. செய்திகள் சில பழையனவாயினும், அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியும் என்பதைப் பிள்ளை கண்ணாரக் காணும். கீழடியைக் கதைக்களமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023 இல் அதே விருது பெற்றது.

2020 இல் அவ்விருது பெற்ற பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பற்றித் தனியே சொல்லவேண்டும். தலைப்பிலுள்ள வடசொல் நமக்கு உவப்பன்று. ஆனால் தகாத தொடுகைக்கு ஆளாகும் குழந்தை அதை அஞ்சாது வாய்திறந்து சொல்லவேண்டும் என்பதைக் குழந்தையின் மொழியிலேயே சொல்லும் நூல் அது. அத்தகு துன்பத்தைப் பிள்ளை தாயிடம் எம்மொழியிற் சொல்லும்? அதற்குரிய சொற்களைத் தாய்மொழியில் அறியாத பிள்ளை எங்ஙனம் சொல்லும்? கன்னித்துறவியர் நடத்தும் பள்ளிகள் இந்நூலை ஒரு படியன்று, பத்துப் படிகள் வாங்கி வைத்தல் தகும்.

2006 ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பினின்று படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பாடநூலோடு அதன் கை நின்றுவிடுகின்றது. விடுமுறையிற் பிள்ளை எதைப் படிக்கும் என்பது சட்டத்தில் இல்லை. சிறுபான்மையர்க்குத் தம் கல்வி நிலையங்களைத் தாமே நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30 ஆம் பிரிவு வழங்குகின்றது. அவ்வுரிமையை நாம் மதிக்கின்றோம். எனவேதான் அரசிடம் கேட்காமல் பள்ளி நடத்துவோரிடமே கேட்கின்றோம்.

நம்மவர்க்கும் ஒரு சொல். தென்னேரி என்னும் பெயர் திரையன் ஏரி என்பதன் மரூஉ என்பர். தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, ஏழைப் பாணன் ஒருவனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்லும் பாட்டு. போகும் வழியெல்லாம் எயினர், ஆயர், உழவர், மீனவர் என ஒவ்வொருவர் ஊரிலும் அவனுக்கு ஒவ்வொரு வகைச் சோறு! இதைவிடச் சிறுவர்க்கேற்ற வழிப்பயணக் கதை உண்டா? ஐந்நூறு அடிகளுக்கு உரையும் விளக்கமும் எழுத நமக்குப் புலவர் உளர். அதை முப்பது பக்கத்தில், படத்துடன், எட்டு அகவைப் பிள்ளைக்கு எழுதித்தர ஒருவர் முன்வரலாகாதா? பள்ளிகளைக் கேட்கும் நாம் கொடுக்கவும் அணியமாதல் வேண்டும்.

இவ்வாண்டு விடுமுறைப் பட்டியல் வருமுன்னரே, கத்தோலிக்கப் பள்ளிகளிற் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் அன்பர்கள் பள்ளித் தலைவர்க்குத் தமிழில் ஒரு மடல் எழுதுக. பட்டியலிற் பாதி தமிழ் நூலாக வேண்டும். தமிழ்த் தட்டு பிள்ளையின் கையெட்டும் உயரத்தில் பூட்டின்றி இருக்கவேண்டும். கிழமைக்கு ஒரு நூலக வேளையேனும் தமிழுக்கென ஒதுக்கப்பெற வேண்டும். இம்மூன்று போதும். நூல் வாங்கப் பணமில்லை என்று விடை வருமாயின், மேலே குறித்த நூல்களில் இயன்றதை வாங்கி, பிள்ளையின் பிறந்த நாளன்று இனிப்புக்கு மாற்றாக நூலகத்திற்கு அளித்து, பதிவேட்டில் அது ஏறியதா என்றும் பார்த்து வருக.