நெஞ்சில் கட்டி: வலி இல்லைன்னா விட்டுடலாமா?

வில்லியனூர், பாகூர் பக்கம் யாராவது நெஞ்சில் ஒரு கட்டி இருக்கிறது என்று சொன்னால், முதலில் வரும் கேள்வி "வலிக்குதா?" என்பதுதான். இல்லை என்றால், "அப்ப கொழுப்புக் கட்டிதான், விடு." வலித்தால், "சுளுக்கு, எண்ணெய் போட்டு நீவினா சரியாகிடும்." இரண்டுமே தப்புக் கணக்கு.

வலி எதையும் சொல்லாது

நெஞ்செலும்பை ஒட்டிய குருத்தெலும்பு வீங்கினால் நன்றாகவே வலிக்கும். 1921-ல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் டீட்சேயின் பெயரிலேயே இது அழைக்கப்படுகிறது. ஆபத்தில்லாதது, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பல நேரம் வலிப்பதே இல்லை.

காசநோயும் அப்படித்தான். அது நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம். விலா எலும்பிலும் நெஞ்சுச் சுவரிலும் சீழ்க்கட்டியாக வரலாம், இருமலே இல்லாமல்கூட. இதை நீவி, கீறி விட்டால் ஆறாத புண்ணாகிவிடும். முறையான மருந்து சாப்பிட்டால் குணமாகும். அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஆண்களே, உங்களுக்கும்தான். மார்பகப் புற்றுநோயாளிகளில் சுமார் 100-ல் ஒருவர் ஆண். பாடகி பியான்சேயின் அப்பா மேத்யூ நோல்ஸ் தனக்கு இந்த நோய் இருப்பதை 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். முலைக்காம்புக்குப் பின்னால் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், ஜிம்முக்குப் போவதால் வந்த சதை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

எப்போது உடனே போகணும்?

- கட்டி வளர்ந்துகொண்டே போனால்
- எலுமிச்சம்பழ அளவை (சுமார் 5 செ.மீ.) தாண்டினால்
- கல் மாதிரி கெட்டியாக, நகராமல் இருந்தால்
- அக்குளிலும் கட்டி தெரிந்தால்
- முலைக்காம்பில் ரத்தம் கசிந்தால்
- விடாத காய்ச்சல், எடை குறைவு இருந்தால்

இவை இல்லாவிட்டாலும் புதிய கட்டி என்றால் ஒருமுறை காட்டிவிடுவதே நல்லது.

எங்கே போவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். கோரிமேடு ஜிப்மர் பஸ் தூரம்தான். வில்லியனூர் கொம்யூன் ராமநாதபுரத்திலேயே ஜிப்மரின் கிராமப்புற சுகாதார மையம் இருக்கிறது. பெண் டாக்டர் வேண்டும், கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்று பெண்கள் தயங்காமல் கேட்கலாம்.

டாக்டர் தொட்டுப் பார்ப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்வார், சந்தேகம் இருந்தால் ஊசி மூலம் திசு எடுப்பார். "ஊசி குத்தினா நோய் பரவிடும்" என்ற பயத்தில் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. என்ன கட்டி என்றே தெரியாமல் வெட்டி எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். ஏற்கெனவே வெட்டி எடுத்தாச்சா? "பயாப்சிக்கு அனுப்பினீங்களா, ரிசல்ட் என்ன?" என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நம் ஊரில் குறை, ஆஸ்பத்திரி தூரத்தில் இருப்பது அல்ல. அரை நாள் கூலி போய்விடுமே என்ற கவலையும், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பழக்கமும்தான். மாதச் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் ஒரு நாள் லீவு போட்டு அம்மா அப்பாவைக் கூட்டிப் போனாலே பாதித் தயக்கம் தீரும். பெரும்பாலும் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.