தெளிந்த நீரும் தெரியாத நஞ்சும்

சென்ற வாரம் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி வகுப்பிலே பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், ஆற்றுநீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தால் அது நல்ல நீர்தானே? பிறகு எதற்காக அதை அள்ளிக்கொண்டுபோய்ச் சோதிக்கிறார்கள்?" என்று கேட்டான். நல்ல வினா. அவனுக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து வாசகர்களுக்கும் கூற விழைகின்றேன்.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் மூத்தோர். நீரைப் பொறுத்தவரை இம்மொழி எத்துணை உண்மை என்பதைக் கனடா நாட்டின் எல்க் பள்ளத்தாக்கு நன்கு காட்டுகின்றது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில், றொக்கி மலைகளுக்கிடையே அமைந்தது இப்பள்ளத்தாக்கு. உருக்கு ஆலைகளுக்கு வேண்டிய உயர்ந்த வகை நிலக்கரி இங்கே கிடைக்கின்றது. நூறாண்டுகளுக்கு மேலாகச் சுரங்கத் தொழில் நடைபெறும் இவ்விடத்தில், இன்று மலைகளையே வெடிவைத்துத் தகர்த்துக் கரியை எடுக்கின்றனர். கரியை மூடியிருந்த பாறைகள் உடைக்கப்பட்டு, அருகிலுள்ள பள்ளங்களிலே குன்றுகளாகக் குவிக்கப்படுகின்றன.

பன்னெடுங்காலம் காற்றும் நீரும் அதிகம் தீண்டாமற் புதைந்து கிடந்த பாறை நொறுங்கிக் குவியும்போது, மழைநீரும் உருகிய பனிநீரும் அதனூடே இறங்குகின்றன. பாறையிலுள்ள கனிப்பொருள்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மாற்றமடைய, அவற்றில் அடங்கியிருந்த செலீனியம் என்னும் மூலகம் நீரிற் கரைந்து வெளிப்படுகின்றது. அந்நீர் போர்டிங் ஆற்றையும், பின்னர் எல்க் ஆற்றையும் சேர்கின்றது. நிறமில்லை, மணமில்லை, பார்ப்பவர் கண்ணுக்கு அது மலையருவியின் தூய நீரே.

செலீனியம் கந்தகத்துக்கு உறவான மூலகம். மிகச் சிறிய அளவில் அது நம் உடலுக்கும் வேண்டியதே. ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ! நீரிலுள்ள செலீனியத்தைப் பாசிகள் உட்கொள்கின்றன. பாசியைப் பூச்சிகளும், பூச்சிகளை மீன்களும் உண்கின்றன. தாய்மீன் நலமாகவே நீந்தித் திரியும். கேடு அதன் முட்டைக்குட் சென்று தங்குகின்றது. முதுகெலும்பு வளைந்த குஞ்சுகளும், பூமூடி குறைந்த குஞ்சுகளும் பிறக்கின்றன, பல பிழைப்பதேயில்லை. இதனாலேயே நீர்வாழ் உயிர்களின் பாதுகாப்புக்கென ஓர் இலீற்றர் நீரில் 2 மைக்குரோகிராம் என்னும் அளவை அம்மாகாணம் வழிகாட்டியாக வகுத்துள்ளது. அஃதாவது, பத்து இலட்சம் இலீற்றர் நீரில் இரண்டே கிராம்! எந்தக் கண் இதனைக் காணும்?

நீரின் தரத்தை மட்டும் அளந்தாற் போதுமா? போதாது. ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகின்றது என்பதையும் உடன் அளத்தல் வேண்டும். மாணவர்கள் பென்சிலை எடுத்து இக்கணக்கைச் செய்து பார்க்கட்டும். பனிக்காலத்தில் ஓர் அருவியிலே செக்கனுக்கு 2 கனமீற்றர் நீர் ஓடுகின்றது. இலீற்றருக்கு 50 மைக்குரோகிராம் செலீனியம் இருக்கின்றது எனக் கொள்வோம். ஒரு நாளில் அவ்வருவி சுமந்து செல்வது 8.64 கிலோகிராம். பனி உருகும் காலத்தில் ஓட்டம் 20 கனமீற்றராகப் பெருகி, செறிவு 10 மைக்குரோகிராமாகக் குறைகின்றது. "நஞ்சு ஐந்திலொன்றாகிவிட்டது" என்று மகிழத் தோன்றும். கணக்கோ 17.28 கிலோகிராம் என்கின்றது! செறிவு குறைந்தது, சுமை இரட்டித்தது. அச்சுமை கீழேயுள்ள ஏரியிற் போய்ச் சேரும்.

ஓட்டத்தை அளப்பது பெரிய வித்தையன்று. அருவியின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து குறுக்குப் பரப்பைக் கண்டு, நீரின் வேகத்தாற் பெருக்கினால் விடை வரும். கருவி இல்லாதவர் ஆழமற்ற வாய்க்காலொன்றில் தோடம்பழத்தை மிதக்கவிட்டு, குறித்த தூரத்தை அது எத்தனை செக்கனிற் கடக்கின்றது எனப் பார்க்கலாம். மேற்பரப்பு நீர் சற்று விரைந்து ஓடுமாதலால், கண்ட வேகத்தை 0.85 ஆற் பெருக்கிக்கொள்ளல் வேண்டும். இளைய மாணவர்கள் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வார்களாக.

போர்டிங் ஆற்றின் மேற்பகுதியில் வாழும் ஒருவகை ட்ரவுட் மீன்களின் கதையைக் கேளுங்கள். 2017 ஆம் ஆண்டுக்கும் 2019 ஆம் ஆண்டுக்கும் இடையே, வளர்ந்த மீன்களின் தொகை 93 சதவீதம் வீழ்ந்ததெனக் கணக்கெடுப்புக் காட்டிற்று. செலீனியமே கொன்றது என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். சுரங்கக் கம்பனி அமர்த்திய ஆய்வாளர்களோ, கடுங்குளிராற் படிந்த பனிக்கட்டி, குறைந்த நீரோட்டம், மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் மடுக்களின் அருமை, அங்கே செல்லும் வழியின் தடை ஆகியன ஒன்றுகூடியதே முதன்மைக் காரணம் என்றனர். அவர்கள் முடிவை ஏற்பவரும் மறுப்பவரும், ஓட்டம், வெப்பநிலை, தரம் ஆகிய மூன்றின் பதிவேடுகளையும் புரட்டியே வாதிடல் வேண்டும். பதிவில்லையேல் வழக்கும் இல்லை, வாய்ச்சண்டையே மிஞ்சும்.

பதிவு நீதிமன்றத்திலும் பேசும். 2012 ஆம் ஆண்டில் கழிவுப் பாறைக் குவியல்களிலிருந்து கேடு விளைக்கும் நீரைப் போர்டிங் ஆற்றில் விட்ட குற்றத்தை, அச்சுரங்கங்களை அன்று நடத்திய டெக் கோல் கம்பனி 2021 மார்ச் மாதத்தில் ஒப்புக்கொண்டது; 6 கோடி கனேடிய டொலர் செலுத்தும்படி பணிக்கப்பட்டது. எல்க் ஆறு சேரும் கூகனூசா நீர்த்தேக்கமோ கனடாவிலும் அமெரிக்காவிலும் பரந்து கிடப்பது. ஒரு நாட்டின் நீர் மறுநாட்டாருக்குக் கேடு செய்யும்படி மாசுபடலாகாதென இரு நாடுகளும் 1909 இலேயே உடன்படிக்கை செய்திருந்தன. ஆயினும், 2024 மார்ச்சிலேதான் இவ்விவகாரம் அவற்றின் கூட்டு ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இங்கே நாம் கருதற்பாலன இரண்டு. முதலாவது, அளவீடு மண்வெட்டிக்கு முன்னே செல்லல் வேண்டும். முதற் பாறை உடையுமுன் அருவி எவ்வாறிருந்தது என்பதை எழுதி வையாதவர், பின்னர் அது மாறிவிட்டதென நிறுவ இடர்ப்படுவர். இரண்டாவது, கடன் கொப்பியில் எழுதிவிட்டதனாற் கடன் தீர்ந்துவிடாது. செலீனியம் பெருகுவதைப் பதிவேடுகள் பல்லாண்டுகளாகக் காட்டியிருந்தும், நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் பிந்தியே எழுந்தன. குவிந்த பாறையோ இன்னும் பல பத்தாண்டுகளுக்குக் கசிந்துகொண்டேயிருக்கும்.

மாணவனுடைய வினாவுக்கு இதுவே விடை. தெளிவு நீரின் தோற்றம். தூய்மை அதன் கணக்கு. அக்கணக்கை நாள்தோறும் எழுதுவோர் ஒருபுறமிருக்க, அதைப் படித்தவுடன் செயலில் இறங்குவோரும் வேண்டும். இவ்விருவரும் உள்ள ஊரிலேதான் ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்பவர் அச்சமின்றி நீரை அள்ளலாம்.