அரை மாத்திரையும் அடியிசையும்

செய்தி என்பது கேட்கப்படுவதற்காகச் சொல்லப்படுவது. இவ்வளவு வெளிப்படையான உண்மையை ஒரு கட்டுரையின் முதல் வாக்கியமாக எழுத வேண்டியிருப்பதே இன்றைய தமிழ்த் தொலைக்காட்சிச் செய்தியறிக்கைகள் மீதான முதற் குற்றச்சாட்டாகும். தலைப்புச் செய்தி தொடங்கும்போதே முரசும் மின்னிசையும் அதிர்கின்றன. செய்தி வாசிப்பவர் அவற்றோடு போட்டியிட்டுக் குரலை உயர்த்துகிறார். விபத்தென்றால் வயலின் அழுகிறது. அரசியலென்றால் போர்ப்பறை முழங்குகிறது. முடிவில் இசை நினைவில் நிற்கிறது. எத்தனை பேர், எந்த ஊர், எந்த நாள் என்பன நிற்பதில்லை. இதனை இரசனை சார்ந்த சில்லறை விடயமென ஒதுக்குவோர் உளர். இது இரசனை பற்றிய பிரச்சினையன்று. செய்தியறியும் உரிமை பற்றிய பிரச்சினையாகும்.

இசைமீது பகைகொண்டு எழுந்த வாதமன்று இது. செய்தியறிக்கையில் இசை மூன்று இடங்களில் வருகிறது. அறிக்கை தொடங்குவதை அறிவிக்கும் முகப்பிசை ஒன்று. ஒரு பகுதியையும் மறு பகுதியையும் பிரித்துக் காட்டும் இடையிசை மற்றொன்று. இவ்விரண்டும் குரல் இல்லாத இடத்தில் ஒலிப்பன, குசினியில் நிற்பவரைத் திரைமுன் அழைப்பன, பயனுள்ளன. மூன்றாவது, வாசிப்பவரின் சொற்களுக்கு அடியில் இடையறாது ஓடும் அடியிசை. கண்டனத்துக்குரியது இந்த மூன்றாவதே. முதலிரண்டும் செய்திக்கு வாசல் திறக்கின்றன. மூன்றாவது வாசலிலேயே குந்தியிருந்து வழிமறிக்கிறது.

இலங்கையில் 1925 இல் வானொலி தொடங்கியது. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பை ஆரம்பித்தன. இலங்கை வானொலியில் எஸ். புண்ணியமூர்த்தி, வி. என். மதியழகன் முதலியோரும் அகில இந்திய வானொலியில் சரோஜ் நாராயணஸ்வாமியும் செய்தி வாசிப்பாளர்களாகப் புகழ்பெற்றமைக்குக் காரணம் அவர்தம் குரலும் உச்சரிப்புமேயன்றி, குரலுக்கடியில் ஓடிய இசை அன்று. பி.பி.சி. தமிழோசை 1941 முதல் 2017 வரை வானொலியில் ஒலித்தது. சிற்றலையின் இரைச்சலுக்குள் காதைக் கூர்மையாக்கி அதனைக் கேட்ட தலைமுறையினர் இன்னும் வாழ்கின்றனர். அந்த இரைச்சல் வானமண்டலத்தின் இயல்பினால் வந்தது; நிலையத்தார் அதனைக் குறைக்க முயன்றனர். இன்றோ தொழில்நுட்பம் இரைச்சலைப் பெருமளவு ஒழித்துவிட்டது. ஒழிந்த இரைச்சலின் இடத்தில் நிலையத்தாரே காசு கொடுத்துப் புதிய இரைச்சலை வாங்கி வைத்திருக்கின்றனர்! இதனை வளர்ச்சியென்று அழைப்பதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும்.

தமிழின் ஒலியமைப்பை அறிந்தோர்க்கு இக்கேடு இன்னும் தெளிவாகப் புலப்படும். எழுத்துகள் பிறக்கும் முறையை விளக்கத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலையே வகுத்தார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்பது மாணவர் அனைவரும் அறிந்த இலக்கணம். அந்த அரை மாத்திரையிலேயே பொருள் தங்கியிருக்கிறது. லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும், வல்லெழுத்துகள் தம்முள் வேறுபடுவதும் மிகக் குறுகிய நேரத்தில் காதிற் பட்டு மறையும் நுட்பங்கள். உயிரெழுத்துகள் ஒலிவலு மிக்கவை. இசையின் நடுவேயும் ஓரளவு தப்பிப் பிழைக்கும். மெய்கள் வலுக் குறைந்தவை. அவற்றுட் பலவற்றின் அடையாளம் உயர்ந்த மீடிறன்களில் இருப்பது. தாழ்ந்த மீடிறன் கொண்ட உரத்த ஒலி, தன்னிலும் உயர்ந்த மீடிறன் கொண்ட மெல்லிய ஒலியை மறைக்கும் என்பது ஒலியியல் கண்ட உண்மை. எனவே, அடியிசையின் முரசு முதலில் விழுங்குவது மெய்யெழுத்தையே. அறுபது, எழுபது, எண்பது என்னும் எண்ணுப் பெயர்களின் ஈறு ஒன்றே. வேறுபாடு முற்பகுதியில் உள்ளது. அம்முற்பகுதியின்மேல் ஒரு முரசடி விழுமாயின் கேட்போனுக்கு எஞ்சுவது ‘பது’ மட்டுமே.

இத்தகைய செய்தியறிக்கை எங்கே போய்ச் சேருகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேசத்தைச் சேர்ந்த அன்புவழிபுரம் போன்ற ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளலாம். மாலைவேளை, மின்விசிறி சுழல்கிறது, வீதியில் முச்சக்கரவண்டிகள் ஓடுகின்றன, மாரிகாலமாயின் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. சுவரோடு பொருத்திய மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கிகள் கேட்போரை நோக்காமல் பின்னோக்கியோ கீழ்நோக்கியோ அமைந்திருக்கின்றன. விறாந்தையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்குச் செவிப்புலன் குறைந்துவிட்டது. முதுமையில் முதலில் மங்குவது உயர் மீடிறன்களைக் கேட்கும் ஆற்றலே. அதாவது மெய்யெழுத்துகளைப் பிரித்தறியும் ஆற்றலே. அறுபது வயதைக் கடந்தோருள் 25 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு கேட்டற் குறைபாடு உடையோர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அம்மூதாட்டி ஒலியளவைக் கூட்டும்படி பேரப்பிள்ளையிடம் கேட்கிறார். கூட்டினால் குரலோடு இசையும் அதே அளவிற் கூடுகிறது; இரண்டுக்குமிடையிலான விகிதம் மாறுவதில்லை. வீடு அதிர்கிறது, செய்தி விளங்குவதில்லை. விகிதத்தை மாற்றும் அதிகாரம் கேட்போரின் கையில் இல்லை; அது கலையகத்தில் இருப்போரின் கையில் மாத்திரமே உள்ளது. ஆதலால் பொறுப்பும் அவர்களுடையதே.

கலையகத்திலிருப்போர்க்கு இக்குறை ஏன் தெரிவதில்லை? அவர்கள் தீயவர்கள் என்பதனாலன்று. அவர்கள் ஒலி புகாத அறையில், சிறந்த ஒலிபெருக்கிகளிலோ ஹெட்போனிலோ கேட்கின்றனர். அதனினும் முக்கியமாக, வாசிக்கப்படும் செய்தியை அவர்கள் முன்னரே அறிவர். அறிந்த வாக்கியத்தில் ஒரு சொல் மறைந்தாலும் மனம் அதனை நிரப்பிக்கொள்ளும். அறியாத வாக்கியத்தில் மறைந்த சொல் மறைந்ததே. செய்தி என்பதோ அறியாததைச் சொல்வது. ஆகவே, செய்தியின் தெளிவைத் தீர்ப்பதற்கு மிகத் தகுதியற்றவர் அதனைத் தயாரித்தவரே என்னும் முரணான முடிவு பெறப்படுகிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. சூழலில் ஓசை மிகும்போது பேசுவோர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவர் என்பதை எத்தியென் லொம்பார்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். செய்தி வாசிப்பவரின் காதில் இசை ஒலிக்குமாயின் அவரும் அவ்வாறே உயர்த்துவார். ஒலிக்காவிடினும், இசையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் வாசிப்பே நிலையத்தின் பாணியாக வகுக்கப்பட்டுவிடுகிறது. நெடில் குறுகுகிறது; குறில் மறைகிறது; வாக்கிய முடிவில் மூச்சுவிடும் இடமில்லை. நல்லுச்சரிப்புக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டிய செய்தி வாசிப்பு ஏலக்கூவலாக மாறுகிறது. இளைய தலைமுறையின் உச்சரிப்புக் கெட்டுவிட்டதென மேடைதோறும் கண்ணீர் வடிப்போர் இதனைக் கண்டுகொள்வதில்லை.

இவை வெறும் மொழித்தூய்மைக் கவலைகள் அல்ல. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரேவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி நாடெங்கும் பேரழிவை விளைவித்தது; அவ்வேளை அவசர அறிவித்தல்கள் தமிழில் உரிய காலத்தில் போதியளவு கிடைக்கவில்லை என்னும் குறை பரவலாக எழுந்தது. அரச அறிவித்தலே தமிழுக்குத் தாமதமாக வரும் நாட்டில், வந்துசேர்ந்த தமிழ்ச் செய்தியையும் முரசின் கீழ்ப் புதைப்பது எவ்வகை ஊடக தருமம்? மூதூரா, குச்சவெளியா, தம்பலகாமமா, இன்றிரவா, நாளையிரவா, கரையோரத்தார் வெளியேறவேண்டுமா, வேண்டாமா என்பன ஒருமுறை சொன்னதும் விளங்கவேண்டிய செய்திகள். சூறாவளி எச்சரிக்கைக்கு விறுவிறுப்பூட்ட இசை எதற்கு? சூறாவளி போதாதா?

அடியிசை சொல்லை மறைப்பதோடு நிற்பதில்லை. சொல்லாத கருத்தையும் சொல்லுகிறது. தகவல் வேறு, கருத்துரை வேறு என்னும் நெறியை மன்செஸ்டர் கார்டியன் ஆசிரியர் சி. பி. ஸ்கொட் 1921 இல் வற்புறுத்தினார். இதழியல் கற்போர் இன்றும் அதனைப் படிக்கின்றனர். ஓர் ஆர்ப்பாட்டச் செய்திக்கு அடியில் அச்சமூட்டும் இசையை ஓட்டினால், ஆர்ப்பாட்டக்காரர் ஆபத்தானவர் என்னும் ஆசிரியத் தலையங்கம் எழுதப்பட்டுவிட்டது. ஓர் அமைச்சரின் திறப்புவிழாவுக்கு அடியில் எழுச்சியிசையை ஓட்டினால், அது செய்தியன்று, வாழ்த்துப்பா. அத்தலையங்கத்துக்குக் கையொப்பமில்லை, மறுப்பெழுதவும் வழியில்லை. இறந்தோரின் பெயர்களுக்கு அடியில் ஓடும் சோக இசையோ துயரைக் கூட்டுவதில்லை, துயரைச் சரக்காக்குகிறது. உயிரிழந்தவரின் உறவினர்க்கு வயலின் சொல்லித்தர வேண்டிய துயரம் எதுவுமில்லை.

எதிர்வாதங்களையும் நோக்குதல் முறை. இசையில்லாவிடின் இளையோர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவர் என்பர். இளையோரைப் பிடித்துவைக்கச் செய்தியை விளங்காததாக்குவது, விருந்தினரைத் தங்கவைக்கச் சோற்றில் மண்ணைக் கலப்பதை ஒக்கும். உலக அலைவரிசைகளும் அவ்வாறே செய்கின்றன என்பர். 2011 இல் பி.பி.சி. ஒளிபரப்பிய பேராசிரியர் பிரையன் கொக்ஸின் பிரபஞ்சம் பற்றிய தொடரில் இசை உரையை மூழ்கடிக்கிறதென நூற்றுக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. பின்வந்த பகுதிகளில் இசை குறைக்கப்பட்டது. பின்பற்றுவதாயின் தவற்றை மட்டுமன்றித் திருத்தத்தையும் பின்பற்றலாமே! திரையில் எழுத்து ஓடுகிறதே என்பர். கண்பார்வையற்றோர்க்கும், எழுத்தறியாதோர்க்கும், அடுப்படியில் நின்று காதால் மட்டும் செய்தி கேட்கும் பெண்களுக்கும் அவ்வெழுத்து என்ன செய்யும்?

சர்வதேச உரப்பு நியமங்களைக் கடைப்பிடிப்பதாகக் கூறுவோர்க்கும் ஒரு விடை உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010 இல் வெளியிட்ட பரிந்துரை நிகழ்ச்சிகளின் மொத்த உரப்பை ஒழுங்குபடுத்துகிறது. ஒரு நிகழ்ச்சிக்குள் குரலும் இசையும் எவ்விகிதத்தில் இருக்கவேண்டுமென்பதை அது வரையறுப்பதில்லை. அதனைக் கடைப்பிடித்தபின்னும் குரல் மூழ்கலாம். விகிதத்துக்கு வேறோர் அளவுகோல் உண்டு. வலைத்தள உள்ளடக்கம் அனைவரையும் எட்டுவதற்கென 2008 இல் வெளியான அனைத்துலக வழிகாட்டி, தன் உயர்ந்த தரநிலையில், பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டுமென்கிறது. அதாவது இசையின் ஒலியழுத்தம் குரலினதன் பத்தில் ஒரு பங்கை விஞ்சலாகாது. காதுக்கு அது ஏறக்குறைய நான்கிலொரு பங்கு உரப்பாகத் தோன்றும். வலைத்தளத்துக்கு விதித்த அளவைத் தொலைக்காட்சி ஏற்கலாகாதென எவரும் தடுக்கவில்லை.

ஆகவே, கோரிக்கைகள் எளியவை. செய்தியின் உடற்பகுதியில் அடியிசை அறவே வேண்டாம். தலைப்புச் செய்திகளுக்கு அது வேண்டுமென்றால் குரலைவிட 20 டெசிபெல்லாவது தாழ்ந்திருக்கட்டும். எண்கள், ஊர்ப்பெயர்கள், அனர்த்த எச்சரிக்கைகள், மரணச் செய்திகள் ஆகியவற்றில் முற்றாக நிற்கட்டும். கலவை செய்யப்பட்ட ஒலியை, செய்தியை முன்னர் படித்திராத ஒருவர் சாதாரணப் பெட்டியொன்றில் கேட்டு விளங்கியதென ஒப்புதல் அளிக்கட்டும். இவற்றுக்குப் பெருமூலதனம் தேவையில்லை; ஒரு விரலால் ஓர் ஆளியைக் கீழிறக்கினாற் போதும்.

ஊடகத்தையும் மொழியையும் கற்கும் பல்கலைக்கழகத்தாருக்கும் இதில் கடமையுண்டு. இலக்கணத்தைத் தேர்வுத்தாளில் காத்து, காற்றலையில் கைவிடுவது புலமையாகாது. செய்தியறிக்கைகளைப் பதிவுசெய்து, வெவ்வேறு வயதினரைக் கேட்கச் செய்து, எவ்வெச்சொற்கள் தவறவிடப்படுகின்றன எனக் கணக்கிடுதல் ஒரு பட்டதாரி மாணவனாலும் ஆகக்கூடிய ஆய்வே. அக்கணக்கை நிலையங்களின் முன் வைத்தால் ‘மக்கள் விரும்புகின்றனர்’ என்னும் பழைய கேடயம் பயன்படாது போகும். செய்தி நல்லதா என்பதைக் கொழும்பிலும் சென்னையிலும் உள்ள ஒலிபுகாக் கலையகங்கள் தீர்மானிக்க முடியாது. அன்புவழிபுரத்து விறாந்தையில், மழையின் நடுவே, ஒலியளவைக் கூட்டச் சொல்லாமல் ஒரு மூதாட்டி அதனைக் கேட்டு விளங்கிக்கொள்வாராயின், அதுவே செய்தி, அல்லாதது இசைக்கச்சேரி.