அசிட் அடித்த மினுக்கம் பராமரிப்பு அல்ல

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வேனிலோ த்ரீவீலிலோ பாடசாலைக்கு அனுப்புகிறவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

பதுளை, ஹாலி-எல, பசறை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது மினுங்கும் அலோய் ரிம்கள்தான். வேனுக்கு அலோய், காருக்கு அலோய், த்ரீவீலுக்கும் அலோய். பெரியவர்கள் சிலர் இதைப் பார்த்து, "வீட்டில் சோத்துக்கு வழியில்லை, ரிம்முக்குப் பொலிஷ் கேட்குது" என்று எங்கள் தம்பிமாரைத் திட்டுகிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் அந்தக் கட்சியில் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆனது. இடையில் பொருளாதாரம் விழுந்தது, டயர் விலை ஏறியது. அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனத்தைத் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்தவன் முட்டாள் இல்லை. தோட்டத்துப் பொடியன் ஒருவனுக்கு அவன் த்ரீவீல்தான் வீட்டு அடுப்பு. அதை அவன் அழகாக வைத்திருப்பது அவனுடைய மரியாதை. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ், த்ரீவீல் அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது, அழகுபடுத்துவதே குற்றம் என்பது போலச் சிலர் பேசினார்கள். அதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. கழற்ற வேண்டியது ஆபத்தானதை. அழகாக இருப்பதையெல்லாம் அல்ல.

எங்கள் சண்டை வேறு இடத்தில். அந்தப் பெயரில்லாத பிளாஸ்டிக் கேனோடு.

சில சேர்விஸ் இடங்களில் பார்த்திருப்பீர்கள். லேபல் இல்லாத கேன். கேட்டால் "ரிம் கிளீனர்" என்பார்கள். பிரஷில் தொட்டுப் பூசினால் நுரைக்கும், புகையும், ஐந்து நிமிடத்தில் கறுத்த ரிம் வெள்ளையாகும். ஆள் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு வாரத்தில் அதே ரிம் வெளிறி, புள்ளி விழுந்து, முன்பைவிட அசிங்கமாகும். மறுபடியும் அதே கேன்.

இது ஏன் நடக்கிறது என்பது சாதாரண தர விஞ்ஞானம் படித்த பிள்ளைக்கே விளங்கும். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன் மேல் ஒரு ஒட்சைட்டுப் படையைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீற்றரில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய படை. உள்ளே உள்ள உலோகத்தைக் காப்பது அதுதான். ஆனால் அது ஈரியல்பு ஒட்சைட்டு, அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 4க்கும் 8.5க்கும் இடையில் இருக்கும்வரைதான் அது உறுதி. அசிட் ஒரு பக்கம் தின்னும். கோஸ்டிக் சோடா மறுபக்கம் தின்னும். சலவைத் தூளும் 10ஐத் தாண்டும் காரம்தான். மலசலகூடம் கழுவும் திரவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "வெள்ளையாகிவிட்டது" என்று நீங்கள் பார்ப்பது அழுக்குப் போன ரிம் மட்டுமல்ல, தோல் உரிந்த ரிம்.

ரிம் போனால் காசோடு போகிறது. கை போனால்?

அலுமினியத்தை வெளுக்க வைக்கும் திரவங்கள் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலம் அல்லது அதன் உப்புகள் இருக்கின்றன. மற்ற அசிட் பட்டால் உடனே எரியும், கையை எடுப்போம். இது ஐதாக இருந்தால் பட்ட நேரம் ஒன்றும் தெரியாது. தோலுக்குள் இறங்கி, உடம்பின் கல்சியத்தைப் பிடித்து, பல மணித்தியாலம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதிகம் பட்டால் இதயமே நிற்கலாம். இதற்குக் கல்சியம் சேர்ந்த விசேட மருந்து தேவை. தேங்காயெண்ணெய் பூசிச் சரிவராது. பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், என்ன திரவம் என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும். லேபல் இல்லாத கேனை வைத்து என்னவென்று சொல்வது?

அந்தப் பிரஷைப் பிடித்து நிற்பவர்கள் யார்? சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் எங்கள் மாணவர்கள். கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை, காலில் பாட்டா செருப்பு. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலையில் அமர்த்தக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். "பொடியன் தொழில் பழகுகிறான்" என்று சொல்லும் முதலாளிமாரே, உங்கள் சொந்தப் பிள்ளையின் கையில் அந்தப் பிரஷைக் கொடுப்பீர்களா?

கழுவிய தண்ணீர் கானில் இறங்குகிறது. கான் ஓடைக்குப் போகிறது. ஓடை பதுளு ஓயாவுக்கு, ஓயா மகாவலிக்கு. மலையில் மேலே ஊற்றுவதைக் கீழே ஒருவர் அள்ளுகிறார். கீழ்ப்பக்கத்து லயங்களில் ஓடைத் தண்ணீரில்தான் குளிப்பும் துவைப்பும். எங்கள் ரிம் மினுங்க, அவர்கள் ஏன் அசிட்டில் குளிக்க வேண்டும்?

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. குழியில் விழுந்து வெடித்த ரிம்மை வெல்டிங் பிடித்து, உரசி, கண்ணாடி மாதிரிப் பொலிஷ் போட்டு "நல்ல செகண்ட் ஹேண்ட்" என்று விற்கிறார்கள். அலோய் ரிம்முக்குப் பலம் அதைச் சூடாக்கிப் பதப்படுத்தியதில் வருகிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். வெளியே பளபளப்பு, உள்ளே பலவீனம். பொருளின் குறையை மறைத்து விற்பது ஹலாலான வியாபாரம் இல்லை என்று எங்கள் பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோம். கோயிலிலும் பன்சலையிலும் சேர்ச்சிலும் வேறு விதமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அலுமினியச் சக்கரம் எதற்கு வந்தது என்று யோசியுங்கள். 1924இல் புகாட்டி கம்பனி பிரான்சின் லியோன் நகரப் பந்தயத்துக்கு டைப் 35 காரைக் கொண்டுவந்தபோது, பிரேக் டிரம்மையும் சேர்த்தே அலுமினியத்தில் வார்த்திருந்தது. 1948இல் அல்கோவா கம்பனி லொறிக்கு அலுமினியச் சக்கரம் அடித்துக் கொடுத்தது. பாரம் குறைய வேண்டும், பிரேக் சூடு சீக்கிரம் இறங்க வேண்டும். மினுக்கம் பிறகு வந்தது. மலைப் பாதையில் ஓடும் எங்களுக்கு இந்த இரண்டும்தான் முக்கியம்.

2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து போன பஸ் பள்ளத்தில் விழுந்ததை நாம் மறக்கவில்லை. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் 15 உயிர் போனதையும் மறக்கவில்லை. அவற்றுக்கு ரிம் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தப் பாதைகள் பிழையை மன்னிப்பதில்லை என்று சொல்கிறோம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் மழையும் மூடுபனியும். இந்தப் பாதையில் பிள்ளைகளை ஏற்றி ஓடும் வேனின் ரிம்மில் முகம் பார்க்கலாம், டயரிலோ பட்டன் இல்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தோட்டச் சம்பளத்திலிருந்துதான் தாய்மார் வேன் காசு கட்டுகிறார்கள். பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைப்பது அமானிதம். கண்ணாடி போன்ற ரிம்முக்காக அவர்கள் அந்தக் காசைக் கட்டவில்லை.

"அப்போ ரிம்மைக் கழுவவே வேண்டாமா சேர்?" என்று கேட்பீர்கள். கழுவுங்கள். கையால் கழுவுங்கள்.

முதலில் உங்கள் ரிம் எந்த வகை என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் மெட்டல் பொலிஷ் எடுத்து உள்மூலையில் தேயுங்கள். துணி கறுத்தால் அது பூச்சில்லாத அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே தெளிவான பூச்சு இருக்கிறது. அதற்குப் பொலிஷே வேண்டாம், தேய்த்தால் பூச்சு மங்கும்.

ரிம் ஆறிய பிறகு, நிழலில் கழுவுங்கள். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி வந்த சூட்டோடு எதையும் ஊற்றாதீர்கள். சூட்டில் எந்தத் திரவமும் வேகமாக வேலை செய்யும், காய்ந்து கறையாகும். முதலில் வெறும் தண்ணீரால் மணலையும் சேற்றையும் இறக்குங்கள். பிறகு கார் ஷாம்பு, இல்லாவிட்டால் கோப்பை கழுவும் மென்மையான திரவம், மெல்லிய பிரஷ். ரிம்முக்குத் தனித் துணி. அதிலுள்ள பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும், அதே துணியால் பொடியைத் துடைத்தால் கீறும். நன்றாக அலசி, ஈரம் இல்லாமல் துடையுங்கள். இரும்புப் பஞ்சு, சாண்ட் பேப்பர் பக்கம் போகாதீர்கள். பூச்சில்லாத ரிம்முக்கு வருடத்தில் சில தடவை பொலிஷும் அதன்மேல் மெழுகும் போதும். ஒவ்வொரு பொலிஷும் கொஞ்சம் உலோகத்தை எடுத்துத்தான் மினுங்க வைக்கிறது. உரமும் டொலமைட்டும் ஏற்றும் தோட்ட லொறி என்றால் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

"இதுக்கெல்லாம் நேரமில்லை" என்பவர்களுக்கு ஒரு பதில். நான்கு சக்கரத்துக்கும் ஒரு மணித்தியாலம் போகும். அந்த நேரத்தில் உங்கள் கண் ரிம்முக்குப் பக்கத்திலேயே இருக்கும். வெடிப்புத் தெரியும். குத்திய ஆணி தெரியும். தளர்ந்த நட் தெரியும். கார், வேன் டயரின் பட்டன்களுக்கு நடுவே 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சின்ன மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். சக்கரம் கழற்றிப் பூட்டியிருந்தால் 50 - 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கும் ஞாபகம் வரும். அசிட் அடித்த ஐந்து நிமிடத்தில் மினுக்கம் மட்டும்தான் தெரியும்.

சேர்விஸ் இடம் நடத்துகிறவர்களே, லேபல் இல்லாத கேனை இன்றைக்கே நிறுத்துங்கள். அந்த வேலைக்குச் சிறுவர்களை நிறுத்தாதீர்கள். கழுவும் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் ஒரு குழியாவது வெட்டுங்கள்.

வேன் ஓட்டும் அண்ணன்மாரே, நானாமாரே, ரிம்முக்கு வைத்த காசில் முதலில் டயரைப் பாருங்கள். டயர் நல்லதென்றால் தாராளமாக மினுக்குங்கள், நாங்களும் நின்று பார்ப்போம்.

பெற்றோரே, நாளைக் காலை பிள்ளையை ஏற்றும்போது ஒரு நிமிடம் குனிந்து டயரைத் தடவிப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். காசு கட்டுவது நீங்கள். ஏறிப் போவது உங்கள் பிள்ளை.

சரியென்று பட்டால் உங்கள் தோட்டத்து, ஊர்க் குழுக்களில் பகிருங்கள்.