பேஷண்ட் பில் மாணவர் தலையிலா? பல் மருத்துவப் படிப்பில் சொல்லப்படாத செலவு

வேலப்பன்சாவடி, மதுரவாயல், முகப்பேர் என மேற்குச் சென்னையில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆவடி, அம்பத்தூர் குடும்பங்கள் குறைந்த செலவில் பல்செட், ரூட் கெனால் செய்துகொள்ள இங்கே வருகின்றன. மாணவர்களுக்கோ இவர்கள்தான் பாடம்.

கோட்டா எதற்கு?

பி.டி.எஸ். படிப்பு 4 ஆண்டு, இன்டர்ன்ஷிப் 1 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து மாணவர்கள் பேஷண்டைப் பார்க்கிறார்கள். பல் எடுப்பது இத்தனை, பல்செட் இத்தனை என்று கணக்கு உண்டு. அதில் தப்பில்லை. கை பழகாமல் யாரும் டாக்டர் ஆக முடியாது.

சிக்கல் எங்கே?

பேஷண்ட் வரத்து குறைந்தாலும் கோட்டா குறையாது. அப்போது மாணவரே ஆளைத் தேடி, ஆட்டோ காசு கொடுத்து, சிகிச்சை பில்லையும் கட்டி கேஸை முடிக்கிறார். நாட்டின் பல பகுதிகளில் மாணவர்கள் நெடுநாளாகச் சொல்லும் குறை இது. இதில் பேஷண்டுக்கும் ஆபத்து உண்டு. தேவைக்காகச் செய்ய வேண்டிய சிகிச்சை, கணக்குக்காக நடக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் 1992 கேப்பிடேஷன் கட்டணத் தடைச் சட்டம், நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில், நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலித்தாலும் தடுக்கிறது. ‘நாங்க கேட்கலை, அவங்களே கட்டுறாங்க’ என்று நிர்வாகம் சொல்லலாம். ஆனால் கட்டாவிட்டால் கோட்டா முடியாது என்றால், அது விருப்பப்பட்டுக் கட்டிய பணமா?

யாரிடம் போகலாம்?

யுஜிசியின் 2023 விதிகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அறிவித்ததற்கு மேல் பணம் கேட்பது அங்கே புகாருக்குரிய விஷயம். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். ரசீது, யுபிஐ பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

கேட்டால் நடக்குமா?

கட்டண விஷயத்தில் நடந்திருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணம் கேட்டு சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். 2021-ல் அந்தக் கல்லூரிகள் சுகாதாரத் துறைக்கு மாறின, கட்டணமும் குறைந்தது.

என்ன செய்யணும்?

கோட்டா வைக்கும் கல்லூரிதான் பேஷண்டையும் கொண்டுவர வேண்டும். பயிற்சிக்கான சிகிச்சையை இலவசமாக்கலாம், ஆவடி, பூந்தமல்லி பக்கம் முகாம் நடத்தலாம். தினசரி புறநோயாளி எண்ணிக்கையை வெளியிடட்டும். அட்மிஷனுக்கு முன்பே பெற்றோர் அதைக் கேட்கட்டும். பேஷண்ட் பில்லை மாணவரிடம் வாங்கக் கூடாது என்று கவுன்ட்டரிலேயே எழுதி ஒட்டலாம். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.