மருந்து வீடு தேடி வரட்டும்

மரக்காணத்து உப்பளங்களில் பங்குனி வெயில் ஏறிவிட்டால், வெண்மையான பாத்திகளை நோக்கி ஒரு நிமிஷம் கண் திறந்து நிற்பதும் கஷ்டம். அந்த வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தார், நம் மாணவன் ஒருவனுடைய தகப்பனார். மூன்று வாரங்களாக இருமல். ஆஸ்பத்திரிக்குப் போகலாகாதா என்று கேட்டோம். "போனால் ஒரு நாள் கூலி போய்விடும், ஐயா. வெறும் இருமல்தானே!" என்றார்.

அது வெறும் இருமல் அன்று, க்ஷயரோகம். மருந்து தொடங்கிய இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றது. ஆனால் மனிதர் பேச்சையும் நிறுத்திவிட்டார். பிறகு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அதைச் சோம்பல் என்றே நாமும் எண்ணினோம். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நுரையீரலைப் படம் பிடித்தல், பரம்பரைக் கூறுகளை ஆராய்தல், மனச்சோர்வுக்குச் சிகிச்சை செய்தல் என்று வைத்திய சாஸ்திரம் பல கிளைகளாக வளர்ந்து வருகிறது. பெரிய நகரத்துப் பெரிய மனிதர்களுக்கே உரியவை இவை என்று நினைப்பவர் உண்டு. மூன்றும் நம் உப்பளத் தொழிலாளி ஒருவரிடமே வந்து கூடுவதை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும்.

முதலில் படம். ராண்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டது 1895-ல். 2019 முதல் 2021 வரை நம் தேசமெங்கும் க்ஷயரோகக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அதில் அகப்பட்ட நோயாளிகளுள் 100-க்கு ஏறக்குறைய 43 பேர், எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் கண்டுபிடிக்கப்பட்டே இருக்கமாட்டார்கள். இருமல், காய்ச்சல் முதலிய அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால் அவர்கள் தப்பிப் போயிருப்பார்கள். இப்பொழுது கையில் தூக்கிச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. படத்தைக் கணினியே பார்த்துச் சந்தேகமானவர்களைப் பிரித்துக் காட்டுகிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இம்முறையைக் கையாளலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் ஒப்புதல் தந்தது. சந்தேகம் தோன்றியபின் சளியைச் சோதித்தே நோயை உறுதி செய்ய வேண்டும். ஆயினும் உப்பளத்துக் கரைக்கே கருவி வரக்கூடும் என்பது சாமானிய விஷயமா?

இரண்டாவது பரம்பரை. க்ஷயத்துக்கு முக்கிய மருந்தாகிய ஐசோநியாஸிட் 1952-ல் வழக்கத்துக்கு வந்தது. ஒரே அளவு மாத்திரை ஒருவர் உடம்பில் விரைவாகச் செயலிழக்கிறது. மற்றொருவர் உடம்பில் மெதுவாகச் செயலிழக்கிறது. தாய் தந்தையரிடமிருந்து வரும் ஒரு மரபணுவே இதற்குக் காரணம். தென்னிந்தியருள் ஏறத்தாழ 100-க்கு 60 பேர் மெதுவான வகையினர் என்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். வாரத்துக்கு ஒரே முறை மருந்து கொடுத்தால், விரைவான வகையினருக்கு அது போதாமற் போவதையும் அவர்களே காட்டினர். மெதுவான வகையினருக்கோ கைகால் நரம்புகளும் ஈரலும் பாதிக்கப்படும் அபாயம் அதிகம். நரம்பைக் காக்கப் பைரிடாக்ஸின் என்னும் வைட்டமின் உதவுகிறது. மரபணுவைப் பார்த்து அளவை அமைத்தால் ஈரலுக்கு வரும் கேடு குறைகிறது என்று 2013-ல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சி ஒன்று கண்டது.

மூன்றாவது மனம். ஐசோநியாஸிடுக்கு உடன்பிறப்புப் போன்ற மருந்து இப்ரோநியாஸிட். 1952-ல் நியூயார்க் நகரத்து ஸீ வியூ ஆஸ்பத்திரியில் க்ஷய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, சோர்ந்து கிடந்தவர்கள் உற்சாகம் கொண்டார்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு என்ற எண்ணம் பிறந்த இடங்களுள் அதுவும் ஒன்று. ஈரலைக் கெடுத்தமையால் அம்மருந்து பின்னர் கைவிடப்பட்டது. வேறு நல்ல மருந்துகள் பல வந்தன. மருந்து மட்டுமே வழி என்பதும் இல்லை. கோவா மாநிலத்தில் டாக்டர் பட்டம் பெறாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி அளித்து, மனச்சோர்வுள்ளவர்களிடம் ஆறு முதல் எட்டு முறை முறைப்படி பேசச் செய்தார்கள். மூன்று மாதங்களில் அவர்களுள் 100-க்கு 64 பேர் குணமடைந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் 39 பேரே. 2017-ல் வெளியான முடிவு இது.

இவை மூன்றையும் இணைக்கும் பாடத்தை உலகுக்குச் சொன்னது நம் சென்னை நகரமே. க்ஷயரோகிக்குச் சானடோரியமே கதி என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து அத்தகைய ஒன்றை 1928-ல் நிறுவினார். ஆனால் ஏழைகள் அத்தனை பேருக்கும் படுக்கை எங்கே? 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. மற்றவரைச் சானடோரியத்தில் வைத்தது. உள்ளே இருந்தவருக்கு நல்ல உணவும் ஓய்வும். வெளியே இருந்தவருக்கோ நெருக்கடியான வீடும் அரை வயிறும். ஓராண்டு முடிவில் குணத்தில் பெரிய வேற்றுமை இல்லை! வீட்டிலிருந்தவர்களுக்கும் மருந்து சேர்ந்ததே அதற்குக் காரணம். 1959-ல் வெளிவந்த இம்முடிவு பல தேசங்களின் வைத்திய முறையையே மாற்றியது.

ஆகவே நோயாளியை மருந்திடம் இழுப்பதைவிட, மருந்தை நோயாளியிடம் கொண்டு செல்வதே முறை. படமும் ஆறுதல் மொழியும் அப்படியே செல்ல வேண்டும்.

நம் மாணவனின் தகப்பனார் வீட்டுக்குக் கிராமத்து நர்ஸம்மாள் இப்பொழுது வந்துபோகிறார். மாத்திரையைக் கொடுப்பதோடு திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசவும் செய்கிறார். டாக்டரின் சொற்படி மருந்து மீண்டும் ஆரம்பமாகியிருக்கிறது. முடிய இன்னும் நாள் இருக்கிறது. மாலையில் நாமும் எட்டிப் பார்க்கிறோம்.

உப்பளச் சொந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். எக்ஸ்ரே முகாம் வரும் நாளில், அங்கே செல்லும் தொழிலாளியின் கூலியைப் பிடிக்க வேண்டாம். விஞ்ஞானம் உலகெல்லாம் சுற்றி நம் வாசல்வரை வந்திருக்கிறது. ஒரு நாள் கூலி அதற்குத் தடையாக நிற்கலாமா?